மழை இல்லாத கோடு

சலவைக் கடை நடத்துகிறவளுக்கு மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். உள்ளே இயந்திரம் சுற்றுகிறது, இஸ்திரிப் பெட்டி ஆவி விடுகிறது, வெளியே என்ன கொட்டினால் எனக்கென்ன. ஆனால் வராத மழையை வருகிறது என்று ஊருக்கே காட்டுகிறவரின் மனைவியாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அந்த அவஸ்தை என் எதிரிக்கும் வரக்கூடாது.

என் வீட்டுக்காரர் வானிலை ரேடாரைப் பராமரிக்கிறவர். ஊருக்கு வெளியே குன்றின் மேல் ஒரு பெரிய வெள்ளை உருண்டை நிற்கும். அதற்குள் சுற்றுகிற தட்டும் அதன் கருவிகளும் அவர் பொறுப்பு. தட்டு அனுப்புகிற அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பி வரும், அதை வைத்து எங்கே மழை பெய்கிறது என்று படம் வரும். அந்தப் படத்தை எல்லோரும் போனில் பார்த்துக்கொள்ளலாம். பல வருடம் அது ஒழுங்காக வந்தது. ஒழுங்காக நடக்கிற வேலையைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? அவரைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

பிறகுதான் படத்தில் அந்தக் கோடு விழுந்தது. குன்றில் ஒல்லியாகக் கிளம்பி, ஊரைக் குறுக்கே வெட்டி, போகப்போக அகலமாகிப் படத்தின் ஓரம் வரை பச்சையாக நீண்டது. படத்தில் பச்சை என்றால் மழை. வெளியே தலையை நீட்டிப் பார்த்தால் வெயில் மண்டையைப் பிளக்கும்.

என் வாடிக்கையாளர்களுக்கு வாய் சும்மா இருக்குமா?

"போர்வைய சீக்கிரம் குடுங்கம்மா, கொட்டற மழையில நனைஞ்சிடப் போறேன்" என்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஒருவர் சொல்வார். இன்னொருவர் குடையை விரித்தபடியே கடைக்குள் வந்து, "மழைக்காரர் சௌக்கியமா?" என்பார். நானும் பல்லைக் காட்டுவேன். அவர்கள் போன பிறகு அவர்களுடைய சட்டையை இஸ்திரிப் பெட்டியால் கொஞ்சம் அதிகமாகவே அழுத்துவேன்.

என் வீட்டுக்காரர் செய்யாததும் இல்லை. உருண்டைக்குள் ஏறித் துடைத்தார், கேபிளைக் கழற்றி மாட்டினார், பழைய பாகங்களைப் புதிதாக மாற்றினார். கை முழுக்க கிரீஸோடு வீட்டுக்கு வருவார், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கோடு அசையவில்லை. நிலைய அதிகாரி ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்: கோடு போகாவிட்டால் ரேடாருக்கு வேறு ஆள் வருவார், இவர் குன்றின் அடிவாரத்தில் இருக்கிற குடோனுக்குப் போகவேண்டியதுதான். அது பழைய சாமான்களைப் போட்டு வைக்கிற இடம், ஜன்னல் கூடக் கிடையாது. அங்கே போனவர் யாரும் திரும்பி வந்து ரேடாரைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது வெட்கம். இப்படி ஒரு கையாலாகாத மனுஷனையா கட்டிக்கொண்டோம் என்ற வெட்கம்.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, என் தம்பி. எங்கள் வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர், ஆனால் ஆள் பெரிய ஆள். ஊரின் மிகப் பெரிய ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் முழுவதும் அவன் கையில். ஐந்தாறு கட்டடங்கள், நூற்றுக்கணக்கான அறைகள், நடைபாதைக் கூரை எங்கும் அவன் மாட்டிய வெள்ளை வைஃபை பெட்டிகள். நர்சுகள் பேசுகிற போன் கூட அந்தப் பெட்டிகள் வழியாகத்தான் ஓடுகிறது. 'என் தம்பி இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியே ஊமை' என்று நான் சொல்லாத வாடிக்கையாளர் இல்லை.

கோடு விழுந்த அதே சமயத்தில்தான் அவன் ஒரு கேக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். அதற்கு முன் சில மாதங்களாக அவனுக்கும் தலைவலிதான். வார்டில் நர்சுகளின் போன் பேச்சு நடுவிலேயே அறுந்து போய்க்கொண்டிருந்தது. டாக்டர்கள் அவன்மேல் எரிந்து விழுந்தார்கள்.

"என்னடா பிரச்சினை?" என்று அப்போதே கேட்டிருக்கிறேன்.

"காத்துல சேனல் கொஞ்சம்தான் அக்கா இருக்கு" என்றான். "பக்கத்து பக்கத்துல இருக்கற பெட்டிங்க ஒரே சேனல்ல பேசுனா ஒண்ணுமேல ஒண்ணு கத்தும். இவ்ளோ பெரிய எடத்துக்கு நமக்கே நமக்குன்னு இருக்கற சேனல் பத்தாது. அதனால ரேடாருக்குச் சொந்தமான சேனலையும் பங்கு போட்டுக்கறோம். ஆனா அதுக்கு ஒரு கண்டிஷன். பெட்டி காதத் தீட்டிக்கிட்டே இருக்கணும். ரேடார் சத்தம் கேட்டா உடனே அந்த சேனல விட்டு ஓடிப்போயிடணும். அது ஓடற நேரத்துல தான் போன் கட் ஆகுது."

"அப்ப உங்க மாமாவாலதான் உனக்குத் தொல்லையா?" என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

கேக் கொண்டுவந்த அன்று அவன் முகத்தில் ஒளி வீசியது. ஒரு போன் கூட அறுவதில்லையாம், ஆஸ்பத்திரி நிர்வாகியே கை குலுக்கினாராம். என் வீட்டுக்காரர் கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமலே கேட்டார்.

"எப்படி மச்சான் பண்ண? எங்க ரேடார் உக்காந்திருக்கற அந்த மூணு சேனல விட்டுட்டியா?"

"விட்டுட்டேன் மாமா. எல்லாப் பெட்டிக்கும் சேனல மறுபடி பிரிச்சுப் போட்டேன்."

"ரொம்ப வேலையாச்சே அது."

"ஆமா மாமா, உயிரு போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுத் தம்பி தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் நாக்கு சும்மா இருக்காது. "பாத்தீங்களா, அவன் ஒரே வாரத்துல சரி பண்ணிட்டான். நீங்களும்தான் ஒரு கோட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றேன். அவர் கேக்கைத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அதற்குச் சில வாரம் கழித்து, ஒரு மத்தியானம், அவர் கடைக்கே வந்தார். அப்படி வருகிறவர் இல்லை. கல்லா மேஜையில் போனை வைத்து, ரேடார் படத்தைப் பெரிதாக்கி, என் துணி அளக்கும் ஸ்கேலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தார்.

"இது மழையும் இல்ல, எங்க கருவியோட கோளாறும் இல்ல. யாரோ எங்க சேனல்ல விடாம பேசிக்கிட்டிருக்காங்க. அத எங்க ரேடார் மழைன்னு நெனச்சுக்குது. எந்தப் பக்கத்துலேர்ந்து சத்தம் வருதோ அந்தப் பக்கம் கோடு விழும்." ஸ்கேலை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்க ஆஸ்பத்திரி இருக்கு."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. சலவைக்கு வந்த துணிகள் தொங்குகிற கம்பியைத் தள்ளிவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"அந்தக் கோட்டுல ஆஸ்பத்திரி மட்டுமா இருக்கு? மார்க்கெட் இருக்கு, பஸ் ஸ்டாண்டு இருக்கு. உங்களுக்கு என் தம்பிதான் கண்ணுக்குத் தெரிஞ்சானா? உங்களால முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. அவன் நல்லா இருக்கறது பொறுக்காம அவன்மேல பழியப் போடாதீங்க."

ஒரு பெண் சேலையை வாங்க வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் ஸ்கேலை எடுத்த இடத்திலேயே வைத்தார். "சரி விடு" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வீட்டிலும் சரி, அலுவலகத்திலும் சரி.

குடோனுக்கு மாற்றல் வந்தது. ரேடார் அறைச் சாவியைப் புது ஆளிடம் ஒப்படைக்க வேண்டிய நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"நீயும் கூட வர்றியா? சும்மா, துணைக்கு."

"கடைய யாரு பாத்துக்குவா?" என்றேன்.

கடையாவது மண்ணாவது. அங்கே அத்தனை பேர் முன்னால் அவர் பக்கத்தில் நிற்க எனக்குக் கூசியது, அதுதான் நிஜம். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார்.

அன்று மாலை தம்பிக்குப் போன் செய்து அழுதேன். "மாமாவ குடோன்ல தள்ளிட்டாங்கடா. இனிமே அந்த மனுஷன் எழுந்திருக்கவே மாட்டாரு." "அழாத அக்கா" என்றான்.

இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. கோடு போய்விட்டது.

எனக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? புது ஆள் வந்தார், ஒரு பழைய கேபிளை மாற்றினார், கோடு மறைந்துவிட்டது. ஊரே அவரைக் கெட்டிக்காரர் என்றது. என் கடைக்கு வருகிறவர்கள் இப்போது கிண்டல் செய்யவில்லை, 'ஐயோ பாவம்' என்று பார்த்தார்கள். கிண்டலையாவது சிரித்துச் சமாளிக்கலாம், பரிதாபத்தை என்ன செய்வது? அன்று அவர் குடோன் தூசியோடு வந்து உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு கேபிளுங்க. ஒரே ஒரு கேபிள். அது உங்க கண்ணுல படலையா?"

"நான் மாட்டுன புது கேபிளுதான் அது. அதத்தான் அவர் திரும்ப மாத்தியிருக்காரு." கோபமே இல்லாமல் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "கோடு போச்சில்ல, அது போதும். மழைக்காலம் வருது, படம் சுத்தமா இருக்கணும்" என்றார்.

மனுஷனுக்குச் சூடு சொரணையே இல்லையா என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தவில்லை, சொல்லியும் விட்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வந்தாள். அவள் சீருடை எங்களிடம்தான் வெளுப்புக்கு வரும். மடித்த துணியை எண்ணிப் பைக்குள் வைத்துக்கொண்டே பேசினாள்.

"உங்க தம்பிகிட்ட கொஞ்சம் சொல்லுங்கக்கா. எங்க போன் மறுபடியும் கட் ஆக ஆரம்பிச்சிடுச்சு. நாலஞ்சு மாசமா நல்லாதானே இருந்துச்சு."

"எப்போலேருந்து?"

"இந்த வாரம்தான். அந்த மழைக்கோடு போச்சே, அதுக்கு ஒரு நாள் முன்னாடியோ அன்னிக்கோ. எனக்கு எப்படி ஞாபகம்னா, நாங்க வார்டுல பேசிக்கிட்டோம், ரேடார் சரியாச்சு, நம்ம போன் கெட்டுப்போச்சுன்னு."

அவள் சிரித்துவிட்டுப் போனாள். நான் மடித்துக்கொண்டிருந்த போர்வையின் ஒரு முனையைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். போன் நன்றாக இருந்தபோதெல்லாம் கோடு இருந்தது. கோடு போனதும் போன் அறுகிறது. கோடு விழுந்த சமயத்தில்தான் தம்பி கேக் கொண்டுவந்தான். நான் படிக்காதவள் இல்லை, மண்டையில் களிமண்ணும் இல்லை. இத்தனை நாள் கணக்குப் போட எனக்கு மனசுதான் இல்லை.

ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். வேலை நாளில், பட்டப்பகலில் நான் கடையைப் பூட்டியது அதுதான் முதல் தடவை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தம்பியின் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. குளிர் தாங்க முடியவில்லை. சுவரில் ஒரு பெரிய திரை, அதில் ஆஸ்பத்திரி வரைபடம், பெட்டிகளெல்லாம் பச்சைப் புள்ளிகளாக. அவன் என்னைப் பார்த்ததுமே எழுந்து நின்றான். நான் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நீதானாடா?"

"ஆமா அக்கா."

"மூணு சேனல விட்டுட்டேன்னு சொன்னியே."

"விடல. அத விடணும்னா எல்லாக் கட்டடத்துக்கும் மறுபடி சேனல் பிரிக்கணும், ஒவ்வொரு மாடியா நடந்து அளக்கணும். அதுக்கு டைம் குடுக்கல. நாளைக்கே சரியாகணும்னு நின்னாங்க." உட்கார்ந்துவிட்டான். "செட்டிங்ல எந்த நாடுன்னு ஒரு எடம் இருக்கு. நம்ம நாட்டுப் பேரப் போட்டா பெட்டி ரேடாரக் கவனிக்கும். அந்தச் சட்டம் இல்லாத வேற ஒரு நாட்டப் போட்டேன். அதுக்கப்புறம் பெட்டிங்க எதையும் கவனிக்கல, எங்கயும் ஓடல. மொட்டை மாடியில கட்டடத்துக்குக் கட்டடம் பேசற பெட்டிங்க இருக்கு. அதுங்க நேரா மாமாவோட ரேடார்ல போய் அடிச்சிருக்கு."

"அப்பறம் நான் அழுததும் திரும்ப மாத்திட்ட."

"மாமாவுக்கு நல்லதுன்னு நெனச்சேன் அக்கா."

"நல்லதா? புது ஆள் வந்த மறுநாளே கோடு போச்சு. உங்க மாமா உதவாக்கரைன்னு நீயே ஊருக்குச் சாட்சி சொல்லிட்டடா. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா வேல போயிடும். ரேடாரக் கெடுக்கறது சட்டப்படி குத்தம்." முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். பிறகு கைக்குள்ளிருந்தே சொன்னான். "மாமாவுக்குத் தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"இங்க வந்தாரு. உன் கடையிலேருந்து நேரா வந்தேன்னாரு. நானான்னு கேட்டாரு. இல்லவே இல்லைன்னேன். அவரு அந்தத் திரையவே கொஞ்ச நேரம் பாத்தாரு. 'நான் ஆபீசுல வாயத் தொறந்தா வயர்லெஸ் இன்ஸ்பெக்டர் வருவாரு, அப்பறம் என்னால தடுக்க முடியாது. நீயாவே பாத்து சரி பண்ணிடு மச்சான்'னாரு. நான் பண்ணல. போறப்போ, 'நான் வந்தது உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம். அவ உன்னத்தான் மலைபோல நம்பியிருக்கா'ன்னாரு."

அந்தக் குளிரில் எனக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. நான் கல்லாவுக்கு முன்னால் நின்று கத்தியதும், அவர் ஸ்கேலை எடுத்த இடத்தில் வைத்ததும், சூடு சொரணை இல்லையா என்று நான் கேட்டதும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. செருப்பால் அடித்திருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது. தம்பியைத் திட்டலாம் என்று வாயெடுத்தேன். எந்த வாயால் திட்டுவது?

"வா, அதிகாரிகிட்ட வந்து சொல்லு" என்றேன்.

"சொன்னா நம்புவாங்களா? மாமாவக் காப்பாத்த மச்சான் பொய் சொல்றான்னு சொல்லுவாங்க. கேபிள மாத்தித்தான் சரியாச்சுன்னு அங்க முடிவே பண்ணிட்டாங்க."

"அப்ப அந்தக் கோட்டக் காட்டு."

அவனுக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. புரிந்ததும் முகம் வெளுத்தது. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரையில் இருந்த பச்சைப் புள்ளிகளைப் பார்த்தான். நான் கட்டாயப்படுத்தவில்லை. அவன் வேலை அவனுடையது, அவன் பிள்ளைகள் சாப்பிடுகிற சாப்பாடு அது. கடைசியில், "மொட்டை மாடிப் பெட்டிங்கள மட்டும் மாத்தறேன். வார்டுக்கு ஒண்ணும் ஆகாது. நீ அங்க போய் நின்னுட்டுப் போன் பண்ணு" என்றான்.

குன்றின் மேல் ரேடார் அறைக்கு நான் அதற்குமுன் போனதே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு தடவை கூட. அவர் கூப்பிடாமல் இல்லை, எனக்குத்தான் கடை இருந்ததே.

நிலைய அதிகாரி முதலில் என்னை உட்காரச் சொன்னார். கணவருக்காகக் கெஞ்ச வந்திருக்கிறேன் என்று நினைத்தார் போலும், குரலில் அந்தக் கனிவு இருந்தது. புது ஆள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் படம் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது.

"சார், அந்தக் கோடு கேபிளால வந்தது இல்ல" என்றேன். "இப்ப மறுபடி வரும், பாருங்க. என் வீட்டுக்காரரையும் கூப்பிடுங்க, அவரு இல்லாம வேணாம்."

அதிகாரி புது ஆளைப் பார்த்தார், புது ஆள் தோளைக் குலுக்கினார். இருந்தாலும் அதிகாரி குடோனுக்குப் போன் செய்தார். நான் தம்பிக்குப் போன் செய்து, "பண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

திரையில் ஒரு சுற்று போனது. ஒன்றுமில்லை. இன்னொரு சுற்று. புது ஆள் நாற்காலியைத் திருப்பி என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அதிகாரி முன்னால் குனிந்துவிட்டார்.

வந்தது. குன்றிலிருந்து கிளம்பி, ஒல்லியாக, பச்சையாக, ஊரின் குறுக்கே.

அதிகாரி விரலால் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார், என் கல்லாவில் என் வீட்டுக்காரர் ஸ்கேலை வைத்துக்கொண்டு போனாரே, அதே வழியில். "யார் இது பண்றது?" என்று கேட்டார்.

"என் கூடப் பிறந்த தம்பி சார். ஆஸ்பத்திரி நெட்வொர்க் அவன்தான் பாக்கறான். அவன் பண்ணதுதான், அவனே ஒத்துக்கறான், இதோ லைன்ல இருக்கான்." சொல்லும்போது குரல் உடையவில்லை. அதற்கடுத்ததுதான் வர மாட்டேன் என்றது. "என் வீட்டுக்காரருக்கு இது முன்னாடியே தெரியும் சார். எங்கிட்ட சொன்னாரு. நான்தான் அவரு வாய அடைச்சேன்."

அப்போதுதான் அவர் வாசலில் நிற்பதைப் பார்த்தேன். தலைமயிர், புருவம், சட்டை எல்லாம் குடோன் தூசி. மூச்சு வாங்கியது, படியேறி ஓடி வந்திருக்கிறார். திரையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. நேராக வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"மச்சான், போதும், நிறுத்து. தெற்கே மேகம் வருது." கொஞ்சம் நின்று, "பயப்படாத. அந்த மூணு சேனல விட்டுட்டு எப்படிப் பிரிக்கறதுன்னு நான் வந்து உன்கூட நிக்கறேன். மாடி மாடியா நடந்து அளப்போம். விசாரணைன்னு வந்தா வரட்டும், அதுக்கும் வர்றேன்" என்றார்.

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்தார். புது ஆளும் எழுந்தார். திரைக்கு முன்னால் இருந்த இருக்கை காலியானது. இவர் அதில் உட்காரவில்லை. என் பக்கம் திரும்பி, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டார்.

"கடைய யாரு பாத்துக்கறா?"

"பூட்டிட்டு வந்தேன்."

அவர் என்னை நம்பாதவர் போலப் பார்த்தார். திரையில் கோடு மறைந்துகொண்டிருந்தது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"எனக்காகவா?" என்றார்.